சனிக்கிழமைக் கணக்கு

பண்டல் சீட்டு இரண்டு குறைந்தது.
தைத்துக் கொடுத்தேன் என்றாள் துளசிமணி.
வரவில்லை என்றேன்.
ஓவர்லாக் ஓடிக்கொண்டிருந்தது, அயர்ன் மேசையில் நீராவி,
சம்பளக் கவருக்காகப் பதினெட்டுப் பேர் வரிசையில்.
"ஏனுங்க, நா எதுக்குங்க பொய் சொல்றேன்?"
முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து
தலையை மட்டும் நீட்டினார்:
"அந்தம்மா ஜெபம் பண்றவங்க. கணக்குத் தப்பாது."

அதோடு பேச்சு முடிந்தது.
அறுநூற்று நாற்பது ரூபாய் பிடித்தேன்.
கவரை எண்ணாமலே இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.
எனக்குள் கொஞ்சம் இனித்தது, மறைக்கமாட்டேன்:
திருப்பூரில், இத்தனை பனியன் கம்பெனிக்கு நடுவில்,
என் ஜெபத்துக்கும் ஒரு விலை இருக்கிறதென்று.

ஞாயிறு விடியலில் வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டு,
காணிக்கைக் கவரில் நூறு ரூபாய் வைத்து,
வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கூலி நோட்டை
அலமாரியில் ஏற்றும்போதுதான்
டீக்கறையில் பக்கங்கள் ஒட்டியிருப்பது தெரிந்தது.
பிரித்தேன்.
இரண்டு நீலச் சீட்டு.
டோக்கன் எண் நாற்பத்தொன்று, அவளுடையது.
டீ என்னுடையது.

முதல் மணி அடித்தது. திருவிருந்து ஞாயிறு.
பாடகர் குழுவில் என் இடம்
இரண்டாம் வரிசை, மின்விசிறிக்கு நேர்கீழே.
வீட்டுக்காரர் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.
இடுவம்பாளையம் போகணும் என்றேன்.
"ஆராதனை முடிஞ்சு போலாம்."
போகலாம்தான்.
திங்கட்கிழமைகூடக் கொடுக்கலாம்,
யாரும் பார்க்காதபோது கவருக்குள் வைத்து,
'ஆபீசில் சின்னத் தவறு' என்று ஒரு சொல்லோடு.
யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன்.
அப்பத்துக்கு நான் நீட்டப்போவதோ
அவள் கூலியைப் பிடித்த இதே கை.

லைன் வீடு, ஐந்தாவது கதவு.
தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டிருந்தாள்.
சீட்டைக் காட்டினேன், பணத்தை நீட்டினேன்.
வழியெல்லாம் கோத்துவந்த வார்த்தைகள் நிறைய;
மன்னிச்சுக்கோ என்பது மட்டும் வந்தது.

"காசு சரிங்க்கா.
புள்ளைக்குச் செருப்பு வாங்க வெச்சிருந்தது,
ஒரு வாரம் தள்ளிப்போச்சு, அவ்வளவுதான்.
பதினெட்டுப் பேரு பாத்தாங்களே,
அவிய கண்ணுல இருந்து அதை எப்படிங்க எடுப்பீங்க?"

லாரி வந்தது. ஓடினாள்.
நானும் ஒரு குடத்தைத் தூக்கினேன்.
"வெச்சுருங்க. வரிசை மாறிப்போயிரும்."

திங்கள், பத்தரை டீக்கு முன்னால்,
மெயினை அணைக்கச் சொல்லத் துணிவில்லாமல்
அந்த இரைச்சலிலேயே சொன்னேன்.
ஒருவருக்கும் கேட்கவில்லை.
மறுபடி, தொண்டை கிழிய:
"தப்பு என்னுது. துளசிமணி பொய் சொல்லலை.
சீட்டு என்கிட்டதான் இருந்தது."
மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.
ஒடிசாப் பையன் சுகந்தா என்னவென்று கேட்க,
பக்கத்தவன் அவர்கள் மொழியில் சொன்னான்;
என் தப்பு அந்த மொழியில்
இன்னும் சின்னதாக, இன்னும் தெளிவாக இருந்தது போலும்,
இருவரும் ஒருசேர நிமிர்ந்து பார்த்தார்கள்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை.
"தனியாக் கூப்புட்டுக் குடுத்தாப் பத்தாதுங்களாம்மா?"
"இன்னும் ஒண்ணுங்க" என்றேன்.
"என் ஜெபத்தைக் கணக்குக்குச் சாட்சியா
இனிமே கூப்புடாதீங்க."
கதவைச் சாத்திக்கொண்டார்.

துளசிமணி மட்டும் நிமிரவே இல்லை.
கழுத்துப் பட்டியை மடித்து
ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை
கவரை என் மேசைமேலேயே பிரித்தாள்.
எச்சில் தொட்டு நோட்டு நோட்டாக எண்ணினாள்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
முடித்துவிட்டு
முதலிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.
பேனாவை மூடிவைத்துவிட்டுக்
காத்திருந்தேன்.